அமெரிக்காவில் பெண்கள் அதிகமாகத் துப்பாக்கி வாங்குகிறார்களே, நானும் வாங்கலாமா?

கேள்வியின் சுருக்கம்: டெக்சஸில் இருக்கிறோம். கணவருக்கு அடிக்கடி வெளியூர் வேலை. நானும் எட்டு வயது மகனும் மட்டும் வீட்டில் இருப்போம். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கைத்துப்பாக்கி வாங்கிப் பயிற்சிக்குப் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். இது உண்மையாகவே பரவுகிறதா, இல்லை விற்பவர்கள் கிளப்பிவிடும் பேச்சா? பயிற்சி எடுத்தால் பயம் போய்விடுமா? எங்களுக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை.

பதில்:

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம், இது அவசரம். எச்1பி (வேலை), எச்4 (அவர்களின் குடும்பத்தினர்), எஃப்1 (மாணவர்) போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. நம் ஆட்களுக்குப் பொருந்தக்கூடியது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது. கடையில் வாங்கினால்தான் குற்றம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. சனிக்கிழமை தோழியுடன் ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய் அவருடைய துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பத்துக் குண்டு சுடுவதுகூட இந்தத் தடைக்குள் வரலாம். கணவருக்குக் கிரீன் கார்டு வந்து மனைவிக்கு வராத வீட்டில், அவர் வாங்கிய துப்பாக்கியின் சாவி இவர் கையில் இருந்தாலும் சிக்கல்தான்.

டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மத்திய சட்டத்தின்படி தடை உள்ளவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. துப்பாக்கி தொடர்பான குற்றத் தீர்ப்பு நாடுகடத்தலுக்கும் காரணமாகலாம். பல வருடம் காத்திருந்து வரிசையில் நிற்கும் குடும்பம் ஒரு சனிக்கிழமைப் பொழுதுபோக்கில் அதை இழக்கக் கூடாது. அதனால் தோழிகள் கூப்பிட்டால், முதலில் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். கிரீன் கார்டு வந்த பிறகு இந்தத் தடை இல்லை.

சரி, இது உண்மையாகவே பரவுகிறதா? ஆம். ஆனால் இதை நான் உடனே நம்பிவிடவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. 1980-களின் கடைசியிலும் இதே பேச்சு இருந்தது. ஆண்களிடம் விற்பனை மந்தமானதும் நிறுவனங்கள் பெண்கள் பக்கம் திரும்பின. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1989-இல் 'லேடிஸ்மித்' என்ற பெயரில் பெண்களுக்கென்று ரிவால்வர் கொண்டுவந்தது. லட்சக்கணக்கான பெண்கள் ஆயுதம் ஏந்துகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு ஆய்வாளர்கள் 1980 முதல் 1994 வரையிலான கருத்துக்கணிப்புகளை எடுத்துப் பார்த்தபோது, பெண் உரிமையாளர்களின் விகிதம் உயரவே இல்லை என்று தெரிந்தது. பத்துப் பெண்களில் ஏறக்குறைய ஒருவர் என்ற அளவிலேயே அது நீண்ட காலம் நின்றது. அந்தப் பேச்சில் விளம்பரம்தான் அதிகம்.

இந்த முறை நிலைமை வேறு. 2019 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை ஏறக்குறைய 75 லட்சம் அமெரிக்கர்கள் வாழ்க்கையில் முதல் முறையாகத் துப்பாக்கி வாங்கினார்கள் என்று ஒரு தேசிய ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஐந்தில் ஒருவர் கறுப்பின மக்கள், இன்னொரு ஐந்தில் ஒருவர் ஹிஸ்பானிக். அதுவரை துப்பாக்கி என்றால் கிராமத்து வெள்ளை ஆண் என்று இருந்த படம் அந்த இரண்டு வருடத்தில் கலைந்துவிட்டது. பியூ ஆய்வு மையம் 2023-இல் கேட்டபோது, தங்களிடம் துப்பாக்கி இருப்பதாக ஆண்களில் 40 சதவீதமும் பெண்களில் 25 சதவீதமும் சொன்னார்கள். காலப் கணிப்பில் குடியரசுக் கட்சி ஆதரவுப் பெண்களிடம் 2007–2012 காலத்தில் 19 சதவீதமாக இருந்தது 2019–2024-இல் 33 சதவீதமாகியிருக்கிறது. இவற்றைக் கடைக்காரர்கள் யாரும் ஜோடிக்கவில்லை.

ஏன் இந்தத் தாவல் என்று கேட்டால் எல்லாரும் சொல்வது 2020. கொரோனா வந்து ஊர் அடங்கியது, மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்டார், தெருக்கள் கொதித்தன, போலீஸ் மீதிருந்த நம்பிக்கை பலரிடம் உடைந்தது, தேர்தலும் சேர்ந்துகொண்டது. அந்த ஒரே வருடத்தில் எஃப்பிஐ-யின் பேக்கிரவுண்ட் செக் (துப்பாக்கி வாங்குபவரின் பின்னணிச் சோதனை) எண்ணிக்கை 3 கோடியே 97 லட்சம். அதுவரை இல்லாத உச்சம். அடுத்த மார்ச்சில் அட்லாண்டா பகுதி ஸ்பாக்களில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவர்களில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். சீன, கொரிய, வியட்நாமியக் குடும்பங்களில் அதுவரை துப்பாக்கியைப் பற்றி யோசிக்காதவர்கள்கூட யோசிக்கத் தொடங்கினார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் 2020 மட்டுமே காரணம் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். தனியாக வாழும் பெண்கள் கூடியிருக்கிறார்கள். தனியாகக் குழந்தை வளர்ப்பவர்கள், விவாகரத்துக்குப் பின் வீடு மாறியவர்கள், அவசர உதவிக்கு 911 அழைத்தால் கார் வந்துசேர இருபது நிமிடம் ஆகும் ஊர்களில் இருப்பவர்கள். அவர்களுடைய பயத்தை விளம்பரம் உண்டாக்கவில்லை, பயன்படுத்திக்கொண்டது.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் இதில் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ஆண் உரிமையாளர்களில் பலர் பத்தொன்பது, இருபது வயதுக்குள் முதல் துப்பாக்கியை வாங்கிவிடுகிறார்கள். வேட்டை, விளையாட்டு, அப்பாவோடு காட்டுக்குப் போன பழக்கம் என்று அது வளர்கிறது. பெண்கள் சராசரியாக 27 வயதில்தான் வாங்குகிறார்கள் என்றது பியூ 2017-இல் வெளியிட்ட ஆய்வு. பாதுகாப்பு ஒன்றே ஒன்றுதான் காரணம் என்று சொன்ன பெண்கள் 27 சதவீதம், ஆண்கள் 8 சதவீதம். அதாவது பெரும்பாலான ஆணுக்குத் துப்பாக்கி சிறு வயதுப் பழக்கம், பெரும்பாலான பெண்ணுக்கு அது ஒரு பயத்துக்கான மருந்து. வகுப்பில் வந்து நிற்கும் பெண்களிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் பத்து நிமிடத்தில் அந்தப் பயத்துக்கு ஒரு முகம் வந்துவிடும். பின்தொடரும் பழைய காதலன், கராஜில் நடந்த ஒரு சம்பவம், புதிதாகப் போன நைட் ஷிஃப்ட்.

நான் இங்கே குடியுரிமை பெற்றவள். பெண்களுக்கான அறிமுக வகுப்புகளில் பயிற்சியாளருக்கு உதவியாக நிற்கிறேன். அதனால் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், இதில்தான் நல்ல மாற்றம் நடந்திருக்கிறது.

பெண்கள் துப்பாக்கி சுடக் கற்பது புதிதில்லை. ஒஹையோவில் பிறந்த ஆனி ஓக்லி 1885-இல் பஃபலோ பில்லின் சாகசக் காட்சிக் குழுவில் சேர்ந்து உலகம் சுற்றியவர். பெண்கள் தங்களைக் காத்துக்கொள்ளக் கற்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார், ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் தானே சொல்லிக்கொடுத்தார். 1898-இல் ஸ்பெயினுடன் போர் வரும்போல இருந்ததும், ஐம்பது பெண் குறிசுடுநர்களைத் திரட்டித் தருகிறேன் என்று அதிபர் மெக்கின்லிக்குக் கடிதம் எழுதினார். அரசு ஏற்கவில்லை. ஆனால் அவருக்குப் பிறகு நூறு வருடத்துக்கு, சாதாரணப் பெண் ஒருத்தி சுடக் கற்க வேண்டுமென்றால் அப்பாவோ கணவரோ காதலனோதான் ஆசிரியர். அங்கேதான் கோளாறு. கையில் பெரிய துப்பாக்கியைக் கொடுத்து, அது உதைத்து அவள் தடுமாறும்போது வீடியோ எடுத்துச் சிரிக்கும் ஆண்களை நான் ரேஞ்சில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் திரும்பி வர மாட்டாள். வந்தாலும், சுடும்போது உடல் சுருங்கும், முதல் நாளே பதிந்துபோன பழக்கத்தைப் போக்க மாதக் கணக்கில் ஆகும்.

2011-இல் டெக்சஸில் ஜூலியானா கிரவுடர் தொடங்கிய 'எ கேர்ள் அண்ட் எ கன்', 2012-இல் கேரி லைட்ஃபுட் தொடங்கிய 'தி வெல் ஆர்ம்டு வுமன்' போன்ற அமைப்புகள் இதை மாற்றின. பெண்ணே பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பது, கிளைகள் வைத்து மாதந்தோறும் கூடுவது என்று வழி செய்தார்கள். 2015-இல் தொடங்கிய தேசிய ஆப்பிரிக்க அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கத்திலும் பெண்கள் பெருமளவில் சேர்ந்திருக்கிறார்கள். ஆண் பக்கத்தில் இருந்தால் கேட்காத கேள்விகளை இங்கே கேட்கிறார்கள். கர்ப்பமாக இருக்கும்போது ரேஞ்சுக்கு வரலாமா? வேண்டாம் என்பதே பொறுப்பான பதில். சுடும்போது காற்றில் ஈயத் தூள் கலக்கிறது, சத்தமும் கருவுக்கு நல்லதில்லை. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் ஈயத்தைப் பற்றிய எச்சரிக்கை உண்டு. ரேஞ்சிலிருந்து வந்தால் கைகழுவாமல், சட்டை மாற்றாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது.

நல்ல அறிமுக வகுப்பு எப்படி நடக்கும் என்றால், முதல் பாதியில் அறையில் உண்மையான தோட்டா ஒன்றுகூட இருக்காது. அரிசோனாவில் கன்சைட் பள்ளியை நிறுவிய ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளை வாய் வலிக்கும்வரை சொல்லவைப்பார்கள். எல்லாத் துப்பாக்கியிலும் எப்போதும் குண்டு இருப்பதாகவே நடந்துகொள். அழிக்க விரும்பாத எதை நோக்கியும் குழலைத் திருப்பாதே. குறி பார்த்து முடிக்கும்வரை விரலை ட்ரிக்கரில் வைக்காதே. இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்து சுடு. இந்த நான்கில் ஏதாவது இரண்டை ஒரே நேரத்தில் மீறினால்தான் பெரும்பாலும் உயிர் போகும் விபத்து நடக்கிறது.

நான்காவது விதியை நம் வீடுகளோடு சேர்த்துப் பாருங்கள். இங்கே உள்சுவர் என்பது இரண்டு ஜிப்சம் அட்டை. சாதாரண 9 எம்எம் குண்டு அதைக் கடந்து அடுத்த அறைக்குப் போய்விடும். அடுத்த அறையில்தான் உங்கள் மகன் தூங்குகிறான். "இருட்டில் யாராவது வந்தால் சுட்டுவிடுவேன்" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் வீட்டின் வரைபடத்தைப் போடச் சொல்வேன்.

உடல் வலிமை இல்லை, ஸ்லைடை (துப்பாக்கியின் மேல்பக்கம் நகரும் பாகம்) இழுக்க முடியவில்லை என்பார்கள் புதியவர்கள். பெரும்பாலும் அது முறையில் உள்ள பிழை. கையை நீட்டி வைத்து விரல் நுனியால் இழுத்தால் யாருக்கும் கடினம். துப்பாக்கியை மார்புக்கு அருகில் கொண்டுவந்து, ஒரு கை ஸ்லைடை முழுதாகப் பற்றியிருக்க, மற்றக் கை பிடியை முன்னால் தள்ளினால் வந்துவிடும். மூட்டுவலி உள்ளவர்களுக்காக இழுக்க எளிதான மாடல்களையும் நிறுவனங்கள் இப்போது தருகின்றன. அடுத்த தவறு, கடைக்காரர் பேச்சைக் கேட்டுச் சின்னதாக, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்றை வாங்குவது. துப்பாக்கி எவ்வளவு இலேசோ அவ்வளவு பலமாக உதைக்கும். கைப்பைக்கு அடக்கமான ஒன்றைப் புதியவர் கையில் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு சுடுவார். கொஞ்சம் கனமான, கை முழுதும் பிடிக்கும் அளவுள்ளதில்தான் கற்க வேண்டும். உடையும் முக்கியம். கழுத்து மூடிய சட்டை போட்டு வாருங்கள். வெளியே தெறிக்கும் வெற்றுத் தோட்டாக்கூடு சூடாக இருக்கும். அது சட்டைக்குள் விழுந்தால் துள்ளித் திரும்பத்தான் தோன்றும், கையிலிருக்கும் துப்பாக்கியும் சேர்ந்து பக்கத்தில் நிற்பவர் பக்கம் திரும்பும். துப்பட்டா வேண்டவே வேண்டாம்.

கைப்பையில் வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலம் ஹேடன் என்ற ஊரில், ஒரு கடையில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை, தாயின் கைப்பையைத் திறந்து உள்ளிருந்த துப்பாக்கியை எடுத்தது. குண்டு பாய்ந்து அந்தத் தாய் அங்கேயே இறந்தார். அவர் துப்பாக்கி தெரியாதவர் இல்லை, துப்பாக்கியோடு வளர்ந்தவர், அதைக் கொண்டுபோக லைசென்ஸ் வைத்திருந்தவர். பையை நாம் கழற்றி வைக்கிறோம், நாற்காலியில் மாட்டுகிறோம், பிள்ளைகள் பிஸ்கட் தேடி அதில் கை விடுகிறார்கள். ஆகவே கொண்டுபோவதென்றால் உடம்போடு ஒட்டிய, ட்ரிக்கரை முழுதாக மூடும் ஹோல்ஸ்டர் என்ற உறைதான். பெண்களின் உடைகளில் பெல்ட்டும் இல்லை, ஆழமான பாக்கெட்டும் இல்லை என்பது உண்மையான தொல்லை. அதற்கு இடுப்புப் பட்டை போன்ற தீர்வுகள் வந்திருக்கின்றன. அவையும் ட்ரிக்கரை மூடவில்லை என்றால் பயனில்லை.

லைசென்ஸுக்கான தேர்வு போதுமான பயிற்சி என்று யாரும் எண்ண வேண்டாம். டெக்சஸில் மூன்று, ஏழு, பதினைந்து கஜத் தொலைவில் அட்டை இலக்கை நோக்கி 50 குண்டு சுட்டு 70 சதவீதம் எடுத்தால் தேறிவிடலாம். அசையாத அட்டை, நல்ல வெளிச்சம், பதற்றம் இல்லை. நியூயார்க் போலீஸாரைப் பற்றி ரேண்ட் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், எதிராளியும் சுடும் மோதல்களில் போலீஸார் சுட்டதில் இலக்கைத் தொட்டது 18 சதவீதம்தான். தொழிலாகப் பயின்றவர்களுக்கே அந்த நிலை. வருடத்துக்கு ஒரு முறை ரேஞ்சுக்குப் போகும் நமக்கு என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி, பல வகுப்புகள் சொல்லாமல் விடுவதைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். பயிற்சியில் நாம் யாரைக் கற்பனை செய்து சுடுகிறோம்? பார்க்கிங் லாட்டில் மறைந்திருக்கும் அந்நியனை. ஆனால் அமெரிக்காவில் கொல்லப்படும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் மரணம் கணவர், காதலர், முன்னாள் துணை சம்பந்தப்பட்டது என்று நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2003 முதல் 2014 வரையிலான 18 மாநிலப் பதிவுகளை வைத்துச் சொன்னது. அவற்றிலும் பாதிக்கு மேல் துப்பாக்கியால் நடந்தவை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாக்குலின் கேம்ப்பெல் தலைமையில் 11 நகரங்களில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வு, அடிக்கும் ஆணின் கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அந்தப் பெண் கொல்லப்படும் அபாயம் ஐந்து மடங்கு என்றது. துப்பாக்கியை யார் பெயரில் வாங்கினார்கள் என்பது அந்த இரவில் கணக்கில் வராது. வீட்டில் இருப்பது இருவருக்கும் எட்டும்.

கலிஃபோர்னியாவில் துப்பாக்கிப் பதிவேடும் இறப்புப் பதிவேடும் இருப்பதால் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களால் பெரிய கணக்குப் போட முடிந்தது. 2022-இல் வெளியிட்டார்கள். தன்னிடம் துப்பாக்கி இல்லை, ஆனால் கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொலையாகும் வாய்ப்பு, துப்பாக்கியே இல்லாத வீட்டில் இருப்பவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். துணையால் சுட்டுக் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்கு, அப்படி இறந்தவர்களில் 84 சதவீதம் பெண்கள். அந்நியர்களால் கொல்லப்படுவது குறைந்ததா என்றால், அப்படி ஒரு பாதுகாப்பு அந்தக் கணக்கில் தெரியவில்லை.

இன்னொரு கணக்கு இதைவிடக் கடினமானது. அதே குழுவினர் 2020-இல் 2 கோடியே 63 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி வைத்திருக்கும் பெண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு, வைத்திராத பெண்களைவிட 35 மடங்கு. ஆண்களுக்கு அது ஏறக்குறைய 8 மடங்கு. சாவதற்கென்றே வாங்கியிருப்பார்கள் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அந்த மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை துப்பாக்கி வாங்கி ஒரு வருடம் கழிந்த பிறகு நடந்தவை. பாதுகாப்புக்காக வாங்கியது அலமாரியில் இருக்கிறது, வாழ்க்கையில் ஒரு மோசமான வாரம் வருகிறது. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையானவர்களைவிட அவர்கள் அதிகம்.

நம் பெண்களுக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு. எச்4 விசாவில் வந்து, படிப்பு இருந்தும் வேலைக்குப் போக முடியாமல், கணவர் ஊரில் இல்லாத வீட்டில் குளிர்காலம் முழுக்கத் தனியாக இருந்தவர்களை எனக்குத் தெரியும். மனச்சோர்வு வந்தால் அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை, கவலைப்படுவார்கள் என்று. அப்படி ஒரு காலம் உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ இருந்தாலோ, இருந்திருந்தாலோ, துப்பாக்கி வேண்டாம் என்று நான் தயங்காமல் சொல்வேன். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைத்தால் எந்த நேரமும் பேசலாம். அந்தச் சோர்வு வரும், போகும். போகும்வரை வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

அப்படியானால் துப்பாக்கி வாங்கும் பெண்கள் எல்லாரும் ஏமாந்தவர்களா? இல்லவே இல்லை. பின்தொடரும் முன்னாள் துணையிடமிருந்து தப்பித் தனி வீட்டில் வாழும் ஒரு பெண்ணின் கணக்கு வேறு. அவள் வீட்டில் அவன் இல்லை, துப்பாக்கி அவளுக்கு மட்டும் எட்டும். நியூஜெர்சியில் 2015-இல் ஒரு பெண் முன்னாள் காதலனுக்கு எதிராகக் கோர்ட் உத்தரவு வாங்கி, காமிரா வைத்து, துப்பாக்கி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தார். சட்டம் சொன்ன 30 நாள் கடந்தும் பெர்மிட் வரவில்லை. தன் வீட்டு வாசலிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவரிடம் போய்ப் புள்ளிவிவரம் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் சுட்ட பிறகும் சட்டம் எல்லாப் பெண்களையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. ஃபுளோரிடாவில் 2010-இல் ஒரு கறுப்பினப் பெண், தன்னை மிரட்டிய கணவர் இருந்த திசையில் எச்சரிப்பதற்காக ஒரு குண்டு சுட்டார். யாருக்கும் காயமில்லை. 2012-இல் அவருக்கு 20 வருடச் சிறைத்தண்டனை. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, பிறகு ஒரு ஒப்பந்தத்தின்படி 2015-இல் அவருடைய சிறைவாசம் முடிந்தது. எச்சரிக்கைக்குச் சுடுவது என்பது படத்தில் வரும் வழக்கம். இங்கே அது தனிக் குற்றமாகலாம்.

பெண்களுக்கு உண்மையில் உதவியது எதிர்ப்பக்கச் சட்டம் என்று நான் நினைக்கிறேன். 1996-இல் வந்த லாட்டன்பெர்க் திருத்தம் குடும்ப வன்முறையில் தண்டனை பெற்றவர்களிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்றது. அதற்கு முன்பே, கோர்ட் பாதுகாப்பு உத்தரவுக்கு உட்பட்டவர்களுக்கும் தடை வந்திருந்தது. 2024 ஜூனில் ரஹிமி வழக்கில் சுப்ரீம் கோர்ட் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தடை செல்லும் என்றது. தீர்ப்பு டெக்சஸிலிருந்து போன வழக்கில்தான் வந்தது. அடிப்பவன் கையிலிருந்து ஆயுதத்தை எடுப்பது, அடிபடுபவள் கையில் இன்னொன்றைக் கொடுப்பதைவிட அதிக உயிரைக் காக்கும். கோர்ட் உத்தரவு வாங்கும்போது அவனிடம் உள்ள துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லுமாறு வழக்கறிஞரிடம் கேட்பது எத்தனை பேருக்குத் தெரிகிறது? இதைப் படிக்கும் யாருக்காவது வீட்டுக்குள்ளேயே பயம் என்றால், தேசிய உதவி எண் 1-800-799-7233. தெற்காசியப் பெண்களுக்கென்றே ஹூஸ்டனில் தயா, நியூஜெர்சியில் மானவி போன்ற அமைப்புகள் பல வருடமாக இயங்குகின்றன.

பயிற்சி எடுத்தால் பயம் போகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். எந்தப் பயிற்சி என்பதைப் பொறுத்தது. துப்பாக்கி இல்லாத ஒரு பயிற்சிக்கு வலுவான சான்று இருக்கிறது. கனடாவில் சார்லீன் சென் உருவாக்கிய வகுப்பை முதலாண்டுக் கல்லூரி மாணவிகளிடம் சோதித்துப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். தெரிந்த ஆணிடமிருந்தே ஆபத்து வரும் அறிகுறிகளைக் கண்டுகொள்வது, சங்கோஜப்படாமல் மறுப்பது, கத்துவது, உடலால் எதிர்ப்பது என்று நான்கு அமர்வுகள். ஒரு வருடத்தில் பலாத்காரத்துக்கு உள்ளானவர்கள், வகுப்பு எடுக்காத குழுவில் 9.8 சதவீதம், எடுத்த குழுவில் 5.2 சதவீதம். ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. துப்பாக்கிப் பயிற்சிக்கு இப்படி ஒரு சான்றை நான் பார்த்ததில்லை. 2007 முதல் 2011 வரையிலான தேசியக் குற்ற ஆய்வுப் பதிவுகளில், பாதிக்கப்பட்டவர் துப்பாக்கியால் தற்காத்துக்கொண்ட நிகழ்வுகள் 0.9 சதவீதம்தான். விசா தடையும் இல்லாத இந்த மாதிரித் தற்காப்பு வகுப்பு உங்கள் ஊர் பல்கலைக்கழகத்திலோ சமூக மையத்திலோ இருக்கிறதா என்று தேடுங்கள். முதலில் சேர வேண்டியது அதில்தான்.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை, விசா காரணமாக இப்போதைக்கு முடிவு எடுக்கத் தேவையே இல்லை. அந்தக் காலத்தைப் பயன்படுத்துங்கள். வாசல் கதவின் பூட்டு விழும் இரும்புத் தகட்டை மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டு நிலைச்சட்டத்தோடு இறுக்கினால் உதைத்துத் திறப்பது கடினமாகிவிடும், செலவு சில டாலர். அசைவு பட்டால் எரியும் விளக்கு போடுங்கள். உள்ளிருந்து பூட்டக்கூடிய ஒரு அறை, அங்கே சார்ஜில் ஒரு போன், மகனோடு அந்த அறைக்குப் போய்ப் பழகுவது. துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் நல்ல ஆசிரியர் சொல்லும் முதல் திட்டம் இதேதான்.

கிரீன் கார்டு வந்த பிறகும் வாங்கத் தோன்றினால், வாங்கும் முன் வகுப்பு, வகுப்புக்கு முன் சேஃப். சேஃப் என்றால் விரல் அழுத்தத்தில் திறந்து, தரையிலோ கட்டிலிலோ பொருத்தப்பட்ட பூட்டுப் பெட்டி. அலமாரி மேல்தட்டு இல்லை. எட்டு வயதுப் பையனுக்கு வீட்டில் எட்டாத இடம் என்று ஒன்று இல்லை. டெக்சஸில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்குக் குண்டு போட்ட துப்பாக்கி எட்டும்படி வைப்பது குற்றமும்கூட. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது, தற்கொலையைப் பற்றியும் குடும்ப வன்முறையைப் பற்றியும் வகுப்பில் பேசுவீர்களா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஆனால் ஒரு காரியத்தை இந்த வாரமே செய்தாக வேண்டும். பக்கத்து வீடுகளில் இப்போது துப்பாக்கி இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உங்கள் மகன் அங்கே விளையாடப் போவான். குண்டு போட்டு, பூட்டாமல் வைத்த துப்பாக்கி உள்ள வீடுகளில் இந்த நாட்டில் ஏறக்குறைய 46 லட்சம் குழந்தைகள் வாழ்வதாக 2021-இல் நடந்த தேசிய ஆய்வு கணக்கிட்டது. இங்கே குழந்தை மருத்துவர்களே பெற்றோரைக் கேட்கச் சொல்லும் கேள்வி இது. வேர்க்கடலை அலர்ஜியைப் பற்றிச் சொல்வதுபோல இயல்பாகக் கேட்கலாம்: "உங்க வீட்டுல துப்பாக்கி இருக்குன்னு சொன்னீங்க, அது பூட்டித்தான் இருக்கா, தோட்டா தனியா இருக்கா?" பயிற்சிக்குப் போகும் பெண்கள் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தெளிவான பதில் வராத வீட்டுக்கு மகனை அனுப்பாதீர்கள், அந்தப் பிள்ளைகளை உங்கள் வீட்டுக்கு விளையாட வரச் சொல்லுங்கள்.